ஒரு கையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்

என் மாமனாருக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். ஆனால் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்குடியில் உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நான விருந்து. மாதா கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நடந்து வந்த மாமாவின் இடது கை மட்டும் வீசாமல் தொடையோடு ஒட்டிக்கிடந்தது. "என்ன மாமா, ஒத்தக் கையோட வாரீக? இன்னொண்ண வீட்டுலயே வச்சுட்டு வந்தீகளா?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சிலர் மரியாதைக்குச் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

அது பெரிய செய்தி. என் பேச்சுக்கு மனதாரச் சிரிக்கும் ஒரே மனிதர் அவர். என் மனைவி ரீத்தா கல்யாணமான முதல் வாரத்திலேயே அந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டாள். ஓய்வுபெற்ற வாத்தியாரான மாமாவோ நான் முடிப்பதற்குள்ளேயே தோள் குலுங்க ஆரம்பித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அந்த விருந்துக்குப் பிறகு அந்தக் குலுக்கல் இல்லை. குரலும் தாழ்ந்துபோனது. மாமனார் கோபித்துக்கொண்டார் என்று முடிவுகட்டினேன். அதற்கு எங்கள் பக்கம் வைத்தியம் உண்டு. பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி, பழத்தட்டோடு போய் நிற்க வேண்டும். கல்லல் ஊரிலிருந்து ரீத்தாவின் பெரியப்பாவை வரவழைத்தேன்.

"தம்பி, மாப்பிள்ளை மேல என்னப்பா வருத்தம்?"

"வருத்தமா? யாருக்கு?" என்றார் மாமா.

"அவரு பேச்சுக்கு இப்பல்லாம் நீ சிரிக்கிறதே இல்லையாமே."

"சிரிச்சுக்கிட்டுத்தானண்ணே இருக்கேன்."

ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தோடு அதைச் சொன்னார். பெரியப்பா பழத்தட்டைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ரீத்தா மட்டும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

நரம்பியல் மருத்துவர் மாமாவை நடக்கவைத்தார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். கரும்பலகையில் கொட்டை கொட்டையாக எழுதியவரின் எழுத்து, வரியின் கடைசியில் எறும்பாகச் சிறுத்திருந்தது. பார்க்கின்சன் (அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதால் வரும் நோய்) என்றார்.

"கை நடுங்கவே இல்லையே டாக்டர்?"

"எல்லாருக்கும் நடுக்கத்துலதான் ஆரம்பிக்கணும்னு இல்லை. இது முகமூடி முகம் (முகத் தசைகளின் அசைவு குறைந்து, உணர்ச்சி வெளியே தெரியாத நிலை). உள்ளே சிரிப்பார். அது முகத்துக்கு வந்து சேராது. நடக்கும்போது கை வீசாம இருந்ததை யாராவது கவனிச்சீங்களா?"

கவனித்தேன். ஒலிபெருக்கி இல்லாத குறையாக அறிவிக்கவும் செய்தேன். ரீத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். மாத்திரையிலும் என் புத்திசாலித்தனம் புகுந்தது. வெறும் வயிற்றில் கொடுப்பதா என்று ஒரு டம்ளர் பாலோடு கொடுத்தேன். பலனே தெரியவில்லை. பாலிலும் பருப்பிலும் இருக்கும் புரதம் அந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தாமதப்படுத்துமாம். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே, தண்ணீரோடு. உங்கள் வீட்டில் யாருக்காவது இது இருந்தால், மருந்தின் நேரத்தை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் போல் அன்பைக் காட்டிக் கெடுக்காதீர்கள்.

பிறகு உறைதல் (நடக்கும்போது கால் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடுவது) வந்தது. நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழப் பார்த்தோம். இழுக்காமல், தாண்டுவதற்கு ஏதாவது காட்டச் சொன்னார் இயன்முறை மருத்துவர். எங்கள் வீட்டுத் தரையெங்கும் வண்ணப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். "மாமா, அந்தச் செகப்புப் பூவ மிதிக்காமத் தாண்டுங்க" என்றால் போதும், கால் எழுந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கடிகாரம் இப்போது மாத்திரைக்குத்தான் ஓடுகிறது. மருந்து வேலை செய்கிற நேரத்தில் மாமா தன் கையாலேயே இட்லியைப் பிய்த்துச் சாப்பிடுவார். மருந்தின் வேகம் இறங்கியதும் உடம்பு இறுகிவிடும். மருந்து வேலை செய்கிற அந்த நேரம் பார்த்துத்தான் சிரிப்புக் கதை சொல்கிறேன். சொல்லிவிட்டு அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வைரம் தொலைத்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்.

ஒருநாள் கண்ணாடி முன் நின்று, முகத்தை அசைக்காமல் சிரித்துப் பார்த்தேன். முடிந்தது. விலாவுக்குள் எங்கோ சின்னதாய் ஓர் அசைவு, அவ்வளவுதான்.

அதன்பிறகு கதை சொல்லும்போது மாமாவின் முதுகில் கை வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மூச்சு மட்டும் வந்து போகும். நேற்றும் அப்படித்தான்.

"சிரிச்சாச்சா மாமா?"

வெகுநேரம் கழித்து, "ஆச்சு" என்றார்.

"எப்ப?"

"நீங்க ஆரம்பிக்கையிலயே."

நான் கையை எடுக்கவில்லை.