இத்தா வீட்டுப் படலைக்கு வந்த நோட்டீஸ்

எனக்கு முன்கோபம். ஊரே சொல்லும், நான் மறுப்பதில்லை. அது என் தங்கச்சி ஹாஜறாவின் வயிற்றில் அடிக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்து ஐம்பத்திமூன்றில், நாவிதன்வெளிப் பக்கம் அரசாங்க வாய்க்கால் வெட்டும்போது கரை இடிந்து அவள் புருஷன் பக்கீர் முகைதீன் மவுத்தானார். மூன்று பிள்ளைகள். ஹாஜறா இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பாராமல் வீட்டுக்குள். நட்டஈட்டு மனுவை அவளுக்காக எழுதிப் போட்டவன் நான்தான்.

இரண்டாம் மாதம் அரசாங்கக் கந்தோர்ப் பியோன் விசாரணை நோட்டீசோடு படலைக்கு வந்தான். அவள் கையிலேயே கொடுத்து, கண் முன்னால் கைநாட்டு வாங்க வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! இத்தாவில் இருப்பவளின் முகம் பார்க்கவா வந்தாய் என்று ஏசினேன். அவள் வாங்கமாட்டாள், இத்தா முடிந்து வா என்று படலையைச் சாத்தினேன். அரசாங்கமும் அதுவரை காத்திருக்கும் என்று நம்பிய மடையன் நான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசாரணைக்கு ஆள் வரவில்லை என்று மனு தள்ளுபடியானது. நோட்டீஸ் வரவேயில்லை என்று ஹாஜறாவிடம் சொன்னேன். நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு எழுதிய வக்கீலான பிரக்கிராசியிடமும் அதையே சொன்னேன். அவள் ஊரார் நெல்லைக் குற்றிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். அண்ணன் என்று என்னிடம், கோடு நம்புமா காக்கா என்று தினமும் கேட்பாள். நம்பும் என்பேன்.

அவள் இத்தா முடிந்த பிறகு மட்டக்களப்புக் கோட்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. பியோன் கண்ணில் படாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். அவன் கொடுத்த தாளில் ‘மனுதாரர் வாங்க மறுத்தார்’ என்று இருந்ததை, மொழிபெயர்க்கும் முதலியார் வாசித்தார். அது நின்றால் நட்டஈடு எல்லாம் போயிற்று. நோட்டீசோடு யாராவது வந்தார்களா என்று நீதவான் கேட்டதை முதலியார் தமிழில் சொன்னார். முக்காட்டுக்குள் இருந்து ஹாஜறாவின் குரல் தெளிவாக வந்தது.

“வரல்ல. வந்திருந்தா எங்கட காக்கா சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்ல மாட்டார்.”

யாரும் கூப்பிடாமலே எழுந்தேன்.

“ஐயா, வந்தது. நான்தான் திருப்பி அனுப்பினன். அவ மறுக்கல்ல. அவவுக்குத் தெரியவே தெரியாது.”

என்னைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். நீதவான் ஏசியதை முதலியார் பாதிதான் சொன்னார்; மீதி அவர் முகத்திலேயே விளங்கியது. பிறகு, மனுதாரர் மேல் குற்றமில்லை, மனுவைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. ஊருக்குத் திரும்பும்போது கல்முனை வரைக்கும் பஸ்ஸில் ஹாஜறா என் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்றாம் கிழமை அதே பியோன் புதுத் தவணை நோட்டீசோடு வந்தான். வழக்கம்போல நான் படலையில் போய் நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“காக்கா, கொஞ்சம் விலகி நில்லுங்க,” என்றாள் ஹாஜறா.

விலகினேன். அவள் கையை நீட்டி நோட்டீசை வாங்கினாள்.