பஸ்கா வாரத்துப் புதுப்பானை

மருமகள் புதுப்பானையில் முதல் உலை வைத்தாள். சூடேறிய மண்ணின் வாசம் என்னை 1909-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளிக்கு, பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனது.

மருந்துக்கான நிலாவாரை இலை வாங்க வந்த கொச்சி யூதர் ஒருவர் காய்ச்சல் கண்டு எங்களோடு தங்கியிருந்தார். யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரம் தொடங்கியதிலிருந்து அவருக்கு இளநீரும் பழமும்தான். ஆராதனை முடிந்து வந்த பெரியப்பா, அம்மா வைத்த சோற்றை அவர் தொடாததைப் பார்த்துவிட்டார்.

"ஏன்வே, எங்க பானை உமக்குத் தீட்டோ? எங்க அய்யாவைத் தீட்டுன்னு சொல்லிக் கோயில் தெருவுல நடக்க விடல. இப்ப எங்க வீட்டுக்குள்ளயே நீருமா? கெளம்பும்!"

யூதர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தீட்டு இல்லை அண்ணாச்சி. எகிப்தை விட்டு ஓடிய எங்கள் முன்னோருக்கு மாவு புளிக்க நேரமில்லை. அதனால் இந்த வாரம் புளித்த மாவு பட்ட பானை எங்களுக்கு ஆகாது. என் வீட்டிலும் பழைய பானைகளை ஒதுக்கித்தான் வைத்திருப்பார்கள்."

அம்மா திடுக்கிட்டாள். சபையின் திருவிருந்து அப்பத்துக்குக் கோதுமை மாவைக் கள் விட்டு எங்கள் வீட்டுப் பானையில் புளிக்கவைப்பவள் அவள்தான்.

"பொறுங்க அத்தான்" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுக் குயவர் தெருவுக்கு ஓடினாள்.

வாங்கி வந்த புதுப்பானையில் சோறு வெந்தது. இலைமுன் உட்கார்ந்தும் யூதர் சாப்பிடவில்லை.

"அண்ணாச்சியும் உட்காரட்டும்."

பெரியப்பா அசையாமல் நின்றார். பிறகு வேட்டியை ஒதுக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் அந்தப் பானையிலேயே எடுத்துப் போடு தாயி."