நாலு கேந்தி, ஒரு பிச்சி

கேந்திப்பூ என்றால் நேர் மின்னூட்டம், பிச்சிப்பூ என்றால் எதிர். இன்னொரு சின்ன நேர் மின்னூட்டமாக அரளி மொட்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவே தரையில் வைத்துவிட்டு, சுபிதா அதை விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் தள்ளிப் பார்ப்பாள். எந்தக் கணக்கானாலும் பேனாவை எடுக்கும் முன் இந்தச் சடங்கு நடந்தாக வேண்டும். "ஆரு தள்ளுகா, ஆரு இழுக்கான்னு தெரியாம எழுதுனா கணக்கு வழி தெத்திப் போவும்" என்பாள்.

தோவாளைச் சந்தைப் பூவை மாலையாகக் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். பிளஸ் டூவில் இயற்பியல் மட்டும் காலை வாரிவிட்டது. இத்தனை வருஷம் கழித்துத் தனித்தேர்வராக மறுபடியும் எழுதுகிறாள். தேறினால் லேப் டெக்னீஷியன் படிப்பு. தேறாவிட்டால் இனி படிப்பென்ற பேச்சையே எடுப்பதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பரீட்சை.

கணவன் சுயம்புராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். மாதக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்தும் மின்னூட்டத்தை அளக்கும் 'கூலும்' என்கிற சொல் அவன் வாய்க்குள் நுழையவில்லை. ஆனால் அவள் முகத்தைப் படிக்கத் தெரியும். அன்று மத்தியானம் முதல் அது வாடிக் கிடந்தது. இந்தப் பக்கம் நாலு கேந்தி, ஒரு சாண் தள்ளி ஒற்றைப் பிச்சி. மொட்டு எங்கே இருந்தால் அதன்மேல் விசையே இருக்காது? இந்தக் கேள்வி வந்தே தீரும் என்பது அவள் பயம்.

"கேந்தி தள்ளுகு, பிச்சி இழுக்கு. ரெண்டும் ஒரே பக்கமாட்டுல்லா போவு. நடுவுல எங்க வச்சாலும் நிக்காது, கேட்டியளா."

"எனக்கு என்னட்டி தெரியும். கொஞ்சம் கண்ண மூடிக் கெட."

நடுவிலேயே தேடியது, மாலை கட்டுகிறவள் செய்யக்கூடிய பிழைதான். இரண்டு பூவுக்கு நடுவேதான் முடிச்சு விழும். கடைசிப் பூ வந்ததும் நாரைக் கிள்ளிவிடுவாள். கைக்குப் பழகியது புத்திக்கும் பழகிவிட்டது.

படுக்காமல் மாலை கட்ட உட்கார்ந்தாள். ஒன்றை முடித்து நாரைக் கிள்ளப் போனவள் கை அப்படியே நின்றது. கடைசிப் பூவுக்கு அப்பாலும் நார் நீண்டு கிடந்தது. மொட்டை எடுத்துப் பிச்சியைத் தாண்டி வெளியே வைத்தாள்.

"இங்க கேந்தி வெளிய தள்ளும், பிச்சி உள்ள இழுக்கும்." சாண் போட்டு அளந்தாள். பிச்சியிலிருந்து ஒரு சாண், கேந்தியிலிருந்து இரண்டு. "தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலுல ஒண்ணு. நாலு கேந்தியும் இங்க வந்து ஒரு கேந்தியாட்டு ஆயிரும். பிச்சியும் ஒண்ணு. இனி மொட்டு அனங்காது, அப்படியே நிக்கும்."

சுயம்புராஜ் குனிந்து அந்த மொட்டைப் பார்த்தான். இழுப்பும் தள்ளலும் இருந்தபடியே இருக்க, வெறும் சிமெண்டுத் தரையில் எதுவும் அசைக்காத ஓர் இடம் இருக்கிறது; அதை இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். சொந்த மனைவியைப் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வாசலில் பைக் ஹாரன் கேட்டது. கோயில் மாலைக்கு ஆள் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாலை பாக்கி. சுபிதா புத்தகத்தை மூடப் போனாள்.

"நீ அடுத்த கணக்கப் போடு" என்றான் சுயம்புராஜ். கூடை கூடையாகப் பூ ஏற்றியும் ஒரு முடிச்சுகூடப் போட்டறியாதவன், நாரை எடுத்துக்கொண்டு எழுந்தான். பூக்கூடை எதிர்ப்பக்கம் இருந்தது. மொட்டு கிடந்த இடத்தை மிதித்துவிடாமல், சுவரோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனான்.