வெட்டுக்கிளிக் குலத்து நாலோங்கோ

வாழைப்பட்டைக் கூழுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டே நாலோங்கோ குலம் விசாரிப்பார். தபால்காரர் வந்தாலும் சரி, புதுப் பாதிரியார் வந்தாலும் சரி, "நீங்க எந்தக் குலம்?" என்பதுதான் முதல் கேள்வி. உட்காரச் சொல்வது அதற்கப்புறம்.

இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் எங்கள் மசாகா ஊர் முழுக்க அவருக்கு நாலோங்கோ என்றே பேர். சொந்தப் பேர், நூலகச் சாவி வைத்திருக்கும் எனக்கே தெரியாது. சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்பக்கம் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகக்குறி செய்வார். காய்ந்த வாழைப்பட்டையை நறுக்கி வேகவைத்து, உரலில் இடித்து, பழைய கொசுவலை கட்டிய சட்டத்தில் ஊற்றிக் காயவைத்தால் காகிதம். யாராவது கூழைத் தாராளமாக ஊற்றினால், "காகிதம் கேட்டேன், சப்பாத்தி கேக்கல" என்பார். கோபம் வந்தால் மூக்கைத் தேய்க்கிற பழக்கம். அதனால் மூக்கில் எப்போதும் கொஞ்சம் கூழ் இருக்கும்.

குல விஷயத்தில் மட்டும் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் வெட்டுக்கிளிக் குலம். நவம்பர் மழையில் ஊரே வெட்டுக்கிளி வறுத்துத் தின்னும். அவர் வாயில் ஒன்று படாது. குலச் சின்னத்தை யாராவது தின்பார்களா? குலம் அப்பன் வழி வருவது, கேட்டு வாங்குகிற சாமான் இல்லை என்பார். மருமகன் விளையாட்டாக, "நானும் உங்க குலம்னே வச்சுக்குங்க அத்தை" என்றதற்கு அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

போன மாதம், புத்தகக்குறியின் தலைப்பில் அவரவர் குலச் சின்னத்தை வரையச் சொன்னார். குரங்கு, காளான், மீன் என்று வந்துகொண்டிருந்தது. பிபியானா என்ற சின்னப் பெண் வெட்டுக்கிளி வரைந்திருந்தாள். நாலோங்கோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அடி என் கண்ணு, நீ நம்ம வீட்டுப் பொண்ணா? எங்க, அப்பா பேரு, தாத்தா பேரு, வரிசையாச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

பிபியானா தன் கால்விரல்களைப் பார்த்தாள். கூச்சமாக்கும் என்று நினைத்து இவர் இன்னும் இரண்டு முறை கேட்டார். பக்கத்தில் இருந்த வெட்டுக்கிளிக் குலத்துப் பையன் கொன்ஸாகாதான் பதில் சொன்னான். "நாலோங்கோ, அவளுக்கு அப்பா யாருன்னே தெரியாது. என்னோடதைப் பாத்துப் போட்டுக்கிட்டா."

யாரோ சிரித்தார்கள். பிபியானா அந்தப் புத்தகக்குறியைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை அண்டாவைத் தேய்த்தபடி நாலோங்கோ என்னிடம் சொன்னார்: "மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் குலப்பேரும் சேந்து இருக்கு. இவளுக்கு வெறும் ஞானஸ்நானப் பேரு மட்டும். அதைக் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்க வேணாமா? என் வாய்ல கொள்ளி வைக்க."

அதற்குப் பிறகு யாரிடமும் குலம் கேட்கவில்லை. தபால்காரர் தானாகவே சொல்லிப் பார்த்தார். உட்காருங்க என்றதோடு சரி. பிபியானாவின் அம்மா வாழைத்தார் விற்கிற தெருப் பக்கமே போகாமல் நாலோங்கோ வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அந்தம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூனிக் குறுகிப் போயிருந்தார். இவ்வளவு பெரிய உருவம் அப்படி ஒடுங்கி நடப்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

போன சனிக்கிழமை பிபியானா வந்தாள். வாசல் ஓரமாக உட்கார்ந்து ஒரு புத்தகக்குறி செய்தாள். தலைப்பில் எதுவும் வரையவில்லை. இடைவேளையில், காளான் குலத்துப் பையன் ஒருவனின் அம்மா வெங்காயம் போட்டு வறுத்த வெட்டுக்கிளியைப் பொட்டலமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். பொட்டலம் கை மாறி வந்தது. கொன்ஸாகா எடுக்காமல் அடுத்த கைக்குத் தள்ளினான். பிபியானா உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

நாலோங்கோ கூழ் சொட்டச் சொட்ட எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் உள்ளங்கையில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டார்.

"நமக்கு ஆகாதுடி" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிறகு தன் பையிலிருந்து சுட்ட வாழைப்பழத்தை எடுத்து மூன்றாக ஒடித்தார். கொன்ஸாகாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பெரிய துண்டு பிபியானாவுக்கு.