இறக்கையில் வைத்த சுருக்கு

மாமா வளைத்த முதல் அலுமினிய விலாவை மேசைமேல் வைத்தபோது, அது வாழைப்பழம் போல ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. என் அக்காவின் கணவரான அவர், காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் தகடு வேலை செய்பவர். அவருடைய தோஸ்து ஒருவர், ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினீயர், மணலி புதுநகரில் கொட்டகை எடுத்து, இருவர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். இறக்கைக்கு உருவம் தரும் விலாக்களைச் செய்துதருவதாக மாமா ஒப்புக்கொண்டார். கப்பல் தகட்டையே வளைத்தவருக்கு இந்த மெல்லிய தகடு எம்மாத்திரம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எங்கள் திருவொற்றியூர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் வேலை நடக்கும். இரண்டு மர அச்சுகளுக்கு நடுவில் தகட்டை இறுக்கி, வெளியே நீண்டிருக்கும் விளிம்பை நைலான் சுத்தியால் தட்டித் தட்டி மடிப்பார். அச்சுக்குள் இருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். வெளியே எடுத்ததும் கோணிக்கொள்ளும். ஒன்பது தகடுகள் இப்படி வீணாயின. "ஒரு மனுசன் இத்த நம்பி மேல போவப் போறான். கோணலா குடுக்க முடியுமா?" என்று ஒவ்வொன்றையும் மூலையில் போடுவார்.

நான் கீழே பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பேன். தேநீர் கொண்டுபோன ஒருநாள் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வளைவில் மடிக்கும்போது தகடு மிஞ்சுகிறது. மிஞ்சியதற்குப் போக இடமில்லாமல் முழுவதையும் கோணலாக்குகிறது. பிளவுஸின் கைக்குழியில் கைத்துணியை ஏற்றித் தைக்கும்போது துணியும் இதைத்தான் செய்யும்.

"மாமா, மிஞ்சுறத அட்ச்சுகினே இருந்தா அது எங்க போவும்? அங்கங்க சின்னதா சுருக்கு வெச்சுப் பாரு."

அவர் சிரிக்கவில்லை. குறடை எடுத்து விளிம்பு நெடுக இடைவெளி விட்டுக் கிள்ளிக்கொண்டே வந்தார். ஐந்தாவது கிள்ளலில் விலா தானாக நிமிர்ந்தது. தரையில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். "இத்தினி நாளா கப்பல் தகடுன்னு நென்ச்சுகினு இருந்தேன். துணின்னு நென்ச்சிருக்கணும்" என்றார். தோஸ்து தந்த புத்தகத்திலேயே இந்த முறை இருந்ததாம். படமில்லாத பக்கம் என்று மாமா புரட்டாமல் விட்டிருக்கிறார்.

இறக்கை முடிந்ததும், பறக்கும்போது காற்று மேலே தள்ளுவதைத் தாங்குமா என்று பார்க்க, கொட்டகையில் அதைத் தலைகீழாகக் கிடத்தி, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஏற ஏற அது வளைந்தது. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூட்டைகளை இறக்கியதும் இறக்கை மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. இந்த வேலையைப் பற்றி வீட்டில் பேசவே விடாத அக்கா அன்று எங்களோடு வந்திருந்தாள். "இன்னா, தாங்கிச்சா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். மாமா இறக்கைக்குள் கையை விட்டு, எட்டும் விலாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

விமானம் இன்னும் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. பக்கத்து இருக்கை உனக்குத்தான் என்று தோஸ்து போனவாரம் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். "எனக்கு வாணாம், மச்சினிச்சிய கூட்டினு போ" என்று மாமா என்னைக் காட்டிவிட்டார். மீஞ்சூரைத் தாண்டி ரயிலில்கூடப் போகாதவள் நான். சரி என்று சொல்லியிருக்கிறேன்.