அந்துவானின் படகில் ‘ஏன்’ கிடையாது

செய்தி வந்தபோது நான் முக்குளிப்பு உடைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போய்வந்த உடைகளை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் அந்துவான் அண்ணன் திரும்பவும் தொட்டியில் தூக்கிப் போட்டுவிடுவார். அன்று அவர் வேலைக்கு வரவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி மரி அக்காதான் போன் செய்தார். “அண்ணன் போயிட்டாரும்மா” என்றார். “சரிக்கா” என்றேன். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த உடைகளையும் மூன்று மூன்று முறை அலசிக் கொடியில் போட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். புதுச்சேரிக் கடலில் முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு முதன்முதலாக இறங்கியபோது உங்கள் கையைப் பிடித்திருந்தவர் அவர்தான். குருசுக்குப்பத்துக்காரர், ஐம்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடம் நாங்கள் ஒரே படகில் வேலை பார்த்தோம். பூசையிலும் அடக்கத்திலும் நான் அழவில்லை. செல்வி கல்நெஞ்சக்காரி என்று யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

படகு கிளம்புமுன் அவர் நடத்தும் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். “அலோர்” என்று பிரெஞ்சில் தொடங்குவார். அதோடு பிரெஞ்சு தீர்ந்துவிடும், மீதியெல்லாம் குருசுக்குப்பத்துத் தமிழ்தான். தண்ணீருக்குள் பேச முடியாது, கைதான் பேசும். பெருவிரலை மேலே நீட்டினால் ‘போதும், மேலே போகலாம்’ என்று பொருள். நீட்டியவர் யாராக இருந்தாலும் கூட இருப்பவர் உடனே அவரோடு ஏற வேண்டும். “பெருவெரல காட்டிட்டா அவ்ளோதான். ஏன்னு கேக்கக் கூடாது. தண்ணியிலயும் கேக்கக் கூடாது, போட்லயும் கேக்கக் கூடாது. கேக்கறவங்க நீந்தித்தான் கரைக்குப் போவணும்.” எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து நான்கு நண்பர்கள் வந்தார்கள். அதில் ஆஜானுபாகுவான ஒருவர், தலை மூழ்கிய மறுநிமிடமே பெருவிரலை நீட்டிவிட்டார். படகில் ஏறியதும் மற்றவர்கள் விடவில்லை. “ஏன்டா மச்சான், மீன் முறைச்சுதா?” என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், எஞ்சின் ஓட்டும் மூர்த்தியிடம் அண்ணன் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். வீராம்பட்டினத்துக்காரரான மூர்த்திக்கு இதெல்லாம் பழக்கம். “யாரு கேட்டது? நீங்களா சார்? குதிங்க” என்றார் அண்ணன். மிதவை உடையோடு அந்த ஆளை நூறு மீட்டராவது நீந்தவைத்த பிறகுதான் கை கொடுத்து ஏற்றினார். ஏறியதும் அவருக்குத்தான் முதல் டீ. பிறகு அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார்: “வெக்கந்தான்மா ஆள முழுங்குது. கடலு இல்ல.”

அப்பாவின் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பாரில் அவரோடு இறங்கினேன். கடலடிப் பாறைத் திட்டைத்தான் எங்கள் மீனவர்கள் பார் என்பார்கள். பவளம் ஒட்டி வளர்ந்த அந்தப் பாறையின் குகை வாசலில் ஒரு கிழட்டுக் களவா மீன் கிடக்கும். அதற்கு அண்ணன் வைத்த பெயர் ‘மேர்’. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத் தலைவருக்கு அதுதான் பட்டம். “மேர பாக்காம ஊருக்குள்ள போவக் கூடாது” என்று தினமும் அதற்கொரு சல்யூட் வைப்பார். அன்றும் வைத்தார். எப்போதும் சிரிப்பேன், அன்று சிரிப்பு வரவில்லை. பெருவிரலை நீட்டினேன். மேலே வந்ததும் அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், உரித்து உரித்து என் கையில் வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடைந்துபோயிருப்பேன். அந்த ஒரு நாளுக்காகவே அவர் சட்டத்தை நான் வேதம் மாதிரி பிடித்துக்கொண்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

போன மாசியில் பாரில் கட்டியிருந்த மிதவைக் கயிற்றைப் பார்க்க நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். பாதிக் கயிறு பார்த்திருப்போம், அவர் நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருவிரலை நீட்டினார். பன்னிரண்டு வருடத்தில் அவர் நீட்டி நான் பார்த்ததே இல்லை. ஏறும்போது, உடம்பிலிருந்து அழுத்தம் மெல்லக் குறைவதற்காக, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அதிலும் அவர் சட்டம் தவறவில்லை. ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதிரும் புதிருமாக, கண்ணாடிக்குள்ளிருந்த அவர் கண்களை மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் ஏறியதும் பலகையில் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை. மல்லாட்டை உரித்துக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், தின்னவில்லை. “நாளையிலேர்ந்து தண்ணிய நீ பாத்துக்க செல்வி. நான் மேல பாத்துக்கறேன்” என்றார். “சரிண்ணே” என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் இறங்கவில்லை. படகு ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் மூச்சுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டவர்களிடம் காது சரியில்லை என்பார். காது சரியில்லாதவர் படியேறும்போது எதற்கு நின்று நின்று ஏறுகிறார் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மரி அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து மரி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணனுக்கு இப்போது வந்தது இரண்டாவது மாரடைப்பு, முதலாவது சில மாதங்களுக்கு முன்பே வந்து போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

“மாசியில ஒருநாள் சோந்து போயி வந்தாரு. இன்னான்னு கேட்டேன். ‘செல்விகிட்ட சொல்லிட்டேன், அவ பாத்துக்குவா’ன்னாரு. உங்கிட்ட இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலக்கா.”

“நீ கேக்கலயா?”

“கேக்கல.”

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொல்லி, எனக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனார். அந்தக் காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை.

போன வாரம் மறுபடியும் கடலுக்குப் போனோம். சேலத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். ஐந்து மீட்டரில் பெருவிரலை நீட்டினார். மறுபேச்சில்லாமல் மேலே கூட்டி வந்தேன். படகில் ஏறி, பழக்கத்தில் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

“ஏம்மா? இன்னா பண்ணுது?” என்று கேட்டேன்.

மூர்த்தி எஞ்சினை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“பயமா இருந்துச்சுங்க, வேற ஒண்ணுமில்லைங்க” என்றார் டீச்சர். நெஞ்சு வலிக்கிறதா, கை வலிக்கிறதா, வேர்க்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. மூன்றாவது முறை இல்லை என்றபோது அவரே சிரித்துவிட்டார்.

“அக்கா, அண்ணன் இருந்திருந்தா நீங்க நீந்தணும்” என்றார் மூர்த்தி. சும்மாதான் சொன்னார்.

“நீந்தறேன். நீ மெதுவா வா” என்று குதித்துவிட்டேன். படகு பக்கத்திலேயே வந்தது. நூறு மீட்டரைத் தாண்டியும் நான் நிற்கவில்லை. முகம் தண்ணீருக்குள் இருந்தது. அழுதது அப்போதுதான்.

அண்ணே, உங்கள் சட்டத்தில் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன். தண்ணீருக்குள் யாரையும் ஏன் என்று கேட்கமாட்டேன். படகில் ஏறியதும் கேட்பேன். கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னபடியே நீந்தி வருவேன்.