ஹாரன் அடிக்காத திருவோணம்

ரெத்தினதாஸ் மாமாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசுகிறவர்கள் இரண்டு வகை. சர்க்காரின் ஒற்றன் என்று ஒரு கூட்டம் சொல்லும். போராட்டக்காரர்களுக்கு உளவு சொன்னவன் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இரண்டு கூட்டத்தாருக்கும் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழுந்ததில்லை. அவர் தெருவைத் தாண்டிப் போன பிறகு அவருடைய இல்லாத இடது கண்ணைப் பற்றிப் பேச மட்டும் வாய் நீளும். அந்தக் கண் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இதைச் சொல்வதற்கு இவர்கள் எல்லாரையும் விட எனக்கு உரிமை அதிகம்.

அவர் எங்களுக்கு ரத்த உறவு அல்ல. என் அப்பா வேலாயுதனும் அவரும் சர்க்கார் பஸ்ஸில் டிரைவர்கள். ஒரே டிப்போ. டிப்போவின் பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள் காரோடு என்கிற ஊரில் இருந்தோம். மாமாவின் வீடு பாறசாலை தாண்டி, மெயின் ரோட்டின் ஓரத்திலேயே. அவர்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். மாமி ஆனந்தபாய் சபையில் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள், வீட்டில் மாமாவுக்குப் புத்தி சொல்லிக்கொடுப்பாள்.

டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். ஓணத்துக்கு விடுகிற ஸ்பெஷல் வண்டிகளுக்குக் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே பெயர் எழுதுவார்கள். கிறிஸ்துமஸுக்கு இந்துக்கள் எழுதுவார்கள். டிப்போவைக் கவனிக்கிற ஸ்டேஷன் மாஸ்டரின் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அவ்வளவுதான், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பாவின் ஓணத்தை ரெத்தினதாஸ் மாமா ஓட்டுவார். மாமாவின் கிறிஸ்துமஸை அப்பா ஓட்டுவார். ஆறு வருஷம் இப்படி நடந்தது.

ஏழாவது வருஷம்தான் ஐம்பத்து நான்கு. ஆடி மாதக் கடைசியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அன்றைக்கு மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்ட கூட்டத்தின் மேல் சுட்டது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் ஆண்கள் சந்தைக்குப் போவதற்குக்கூட யோசித்தார்கள். போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டால் மரச்சீனி விளைகளுக்குள், ஆள் உயர மரவள்ளிச் செடிகளுக்குள், ஆள் ஓடும். வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசி வாழ்ந்த ஜனம், இப்போது எந்த வாயால் என்ன பேசினால் அடி விழும் என்று பயந்து நடந்தது. பகலிலேயே கதவைச் சாத்தி வைத்திருந்தோம்.

அந்த வருஷம் வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காஞ்சிரங்குளத்துக்காரர். கல்யாணம் கழிந்து வரும் முதல் திருவோணத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வர வேண்டும், மாப்பிள்ளைக்கு ஓணக்கோடி என்கிற புது வேட்டியைப் பெண்ணின் அப்பா தன் கையால் கொடுக்க வேண்டும். அப்பா வீட்டில் இல்லை, வண்டி ஓட்டப் போய்விட்டார் என்றால் என் மாமியார் அதை ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். அவள் அப்படித்தான், செத்தவளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது.

திருவோணத்துக்குப் பத்து நாள் முன்னால் தாள் ஒட்டினார்கள். முதல் நாள் ஒரு பெயரும் விழவில்லை. தாளில் எழுதுகிறவர்களின் பெயர் போராட்டக்காரர்களுக்குப் போகும், வண்டிக்குக் கல் விழும் என்று பேச்சு. எழுதாத தமிழரின் பெயர் போலீஸுக்குப் போகும் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் உண்மைதான். இரண்டாம் நாளே ஒரு குமாஸ்தா உட்கார்ந்து ஆட்களின் பட்டியலை நகல் எடுத்தார்.

ரெத்தினதாஸ் மாமா மூன்று நாள் எழுதவில்லை. காய்ச்சல் என்று லீவு போடச் சொல்லி மாமி மல்லுக்கு நின்றாள். மாமா எழுதாவிட்டால் மூப்பு வரிசைப்படி திருவோண வண்டி அப்பாவின் தலையில் விழும். அது மாமாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்பா வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் தினமும் போய் அந்தத் தாளின் முன்னால் நின்றார். கேட்டிருந்தால்கூட மாமா மறுத்திருக்கலாம், நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் மாமியின் தம்பி ஜெயசிங் வந்தான். போலீஸ் தேடுகிற ஆள். வயல் வரப்பு வழியாகப் புழக்கடையில் ஏறி வந்து, உட்காராமலே பேசினான் என்று மாமி பிறகு என்னிடம் சொன்னாள். திருவோணத்தன்று மத்தியானம் நாகர்கோவிலுக்குப் போகிற ஸ்பெஷலை, பாறசாலைக்கும் மாமாவின் வீட்டுக்கும் நடுவே இருக்கிற இறக்கத்தில், கலுங்கு என்று நாங்கள் சொல்கிற சின்னப் பாலத்தின் மேல் பாறைக்கல் உருட்டி வைத்து மறிக்கப்போகிறார்கள். ரோட்டோரத்து மேட்டில் மரச்சீனி விளைக்குள் ஆட்கள் கல்லோடு இருப்பார்கள்.

“நீரு ஓட்டாண்டாம் அத்தான்” என்றான் ஜெயசிங். “வேற எவனாவது ஓட்டட்டும்.”

“வேற எவன்லே? வேலாயுதன் அண்ணனாக்கும் ஓட்டணும். அவருக்க மண்டையில கல்லு விழுந்தா ஒனக்குப் பரவாயில்லையா?”

 அதற்கு ஜெயசிங் ஒரு வழி சொன்னான். அந்த நாட்களில் பஸ்ஸில் கையால் அமுக்குகிற ரப்பர் ஹாரன். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. ரெத்தினதாஸ் மாமா கலுங்குக்கு முன்னால் இரண்டு நீளமாக, ஒன்று குட்டையாக அடிப்பார். அதைக் கேட்டதும் மாமி சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவாள். அந்தச் சத்தம் அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். “எழுதணும்னா எழுதும்” என்றான் ஜெயசிங். “ஆரன் அடியும். கேட்ட ஒடனே நாங்க ரோட்டுல எறங்கி கல்ல மாத்தித் தாறோம். ஒம்ம வண்டி போவட்டும்.”

மறுநாள் காலையில் மாமா தாளில் பெயர் எழுதினார். அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்க ஆரன் அவனுகளுக்குத் தெரியும், வழி விடுவானுக, அண்ணன் பேடிக்காம ஓணம் உண்ணும் என்றார். அதை அப்பா தன்னோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் மாமாவின் பெயரை வெட்டப் பேனாவை எடுத்தாராம். மச்சினன் தலைமறைவு, இவனை நம்பி எப்படித் தெற்கே வண்டி விடுவது என்று கேட்டாராம். பெயர் வெட்டுப்பட்டால் அடுத்த பெயர் வேலாயுதன். அப்பா அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார். அவரை விட்டால் வேறு ஆளில்லை, அவருடைய ஹாரனைக் கேட்டால் மறிக்கிறவன்கூட இறங்கி வந்து வழி விடுவான் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியா, சரி, அவனே ஓட்டட்டும் என்றார். அப்பா அதைச் சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்னார். ரெத்தினதாஸுக்காகத்தான் பேசினேன் என்றார். எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும், அவர் என்னுடைய ஓணத்துக்காகத்தான் பேசினார்.

திருவோணத்தன்று நடந்ததை அந்த வண்டியின் கண்டக்டர் ராஜையா சொல்லித்தான் அறிந்தோம். மத்தியானம் டிப்போவில் வண்டி எடுக்கும்போது நான்கு பேர் ஏறினார்கள். புது வேட்டி, தோளில் புது நேரியது, கையில் வாழைக்குலை. பெண் வீட்டுக்கு ஓணத்துக்குப் போகிற மாப்பிள்ளைமார் போல இருந்தார்கள். ஆனால் நான்கு பேர் காலிலும் ஒரே மாதிரி பூட்ஸ். ஆளுக்கொரு நீளமான சாக்குப் பொதியை சீட்டுக்கடியில் தள்ளினார்கள். ஐந்தாவதாக ஒரு ஆள் வந்து, டிரைவரின் பின்னால் உட்கார்ந்து, மலையாளத்தில் மெதுவாகச் சொன்னான். கலுங்கு வரும்போது வழக்கமாக அடிக்கிற மாதிரி ஹாரன் அடிக்க வேண்டும். இறங்கி வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மாமா கிளட்ச் சரியில்லை என்றார். வேறு வண்டி உண்டு, டிரைவர் நீதான் என்றான் அந்த ஆள். மாமா வண்டியை எடுத்தார். நெய்யாற்றின்கரை தாண்டி, அமரவிளை தாண்டி, எப்போதும் போல ஒரே வேகத்தில் ஓட்டினார். வழியில் பூக்களம் போட்ட வாசல்களெல்லாம் ஆளில்லாமல் கிடந்தன. ஊஞ்சல் கட்டிய மரத்தின் கீழேகூடப் பிள்ளைகள் இல்லை. 

பாறசாலை சந்தையில் மாமா வண்டியை நிறுத்தி, ரேடியேட்டர் சூடாகிவிட்டது, அடுத்த வண்டியில் வரட்டும் என்று மற்ற ஆட்களை எல்லாம் இறக்கச் சொன்னார். ஏழெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் இருந்தவன் அதைத் தடுக்கவில்லை, அவனுக்கும் அது சௌகரியம்தான். ராஜையாவையும் இறங்கச் சொல்லி மாமா கண் காட்டினார். ராஜையா இறங்கவில்லை. டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்துவிட்டதாக அவரே சொல்வார்.

இறக்கம் வந்தது. கலுங்கின் மேல் கற்கள் தெரிந்தன. மேட்டில் மரச்சீனி இலை அசைந்தது. பின்னால் இருந்தவன் ம் என்றான். மாமாவின் கை ஹாரன் பந்தின் மேல் போயிற்று, அங்கேயே இருந்தது, அமுக்கவில்லை. அடி என்று அவன் தோளில் குத்தினான். மாமா கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் கற்களின் முன்னால் போய் நின்றது.

ஹாரன் கேட்காத வண்டி, வேறு யாருடைய வண்டியோ என்று மேட்டில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கல் விழுந்தது. முதல் கல்லிலேயே முன் கண்ணாடி உடைந்து மாமாவின் முகத்தில் இறங்கியது. போலீஸ்காரர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குதித்தபோது மேட்டில் ஒருவரும் இல்லை. மரச்சீனிக்குள் சுட்டார்கள், இலைதான் விழுந்தது. கூப்பிடு தூரத்தில் வீட்டில் இருந்த மாமி ஹாரன் கேட்கவில்லையே என்று சோற்றை மூடி வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அதே நேரத்தில் காரோட்டில் அப்பா என் புருஷனுக்குக் கோடி கொடுத்தார். நான் இரண்டாவது பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஏன் அடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று கேட்டார்கள். பயத்தில் மறந்துவிட்டது என்றார் மாமா. அவர்கள் நம்பவில்லை, நம்பவில்லை என்று எழுதியும் வைத்தார்கள். அதனால் ஒற்றைக் கண்ணனுக்குக் கொடுக்கிற காவல்காரன் வேலைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரிலோ அவர் போலீஸை ஏற்றிக்கொண்டு வந்தவர். சபையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது.

தாலுகாக்கள் பிரிந்து, மார்த்தாண்டம் தமிழ்நாட்டுப் பக்கமும் நாங்கள் மலையாளப் பக்கமும் என்று ஆன பிறகு ஜெயசிங் திரும்பி வந்தான். முதல் கல்லை எறிந்தது யார் என்று அவனுக்கே தெரியாது, பத்துக் கைகள் இருந்தன என்றான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டான், ஆரன் அடிக்காம போனது என்னத்துக்கு அத்தான் என்று.

“அடிச்சா நீ எறங்கியிருப்பேல்லா மக்கா” என்றார் மாமா.

அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. மாமாவுக்கு வேலை போன பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தாளில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார். யாருக்காக என்று இளையவர்கள் கேட்டால் எரிந்து விழுவார். மாமாவோ ஒவ்வொரு திருவோணத்துக்கும் மத்தியானம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் எதிரே உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார். இரண்டு பேரும் டயரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள். அப்பாவின் இலையில் சோறு அப்படியே கிடப்பதை நான் பரிமாறிக்கொண்டே பார்ப்பேன். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபமாக வரும். இத்தனை பேர் இருக்கிற ஊரில் இவருக்குச் சாப்பிட வேறு வீடு இல்லையா என்றுகூட ஒரு வருஷம் நினைத்திருக்கிறேன்.

அப்பா இறந்த வருஷமும் திருவோணத்துக்கு மாமா வந்தார். வீட்டில் துக்கம், ஓணம் இல்லை, வெறும் கஞ்சிதான் வைத்திருந்தேன். என்னால் அதற்கு மேல் மூடி வைக்க முடியவில்லை. ஹாரன் விஷயத்தை டிப்போவில் சொன்னது எங்கள் அப்பாதான் மாமா என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் கஞ்சியை விலக்கவில்லை. “தெரியும் மக்கா” என்றார். “அந்த ஓணத்தண்ணைக்கு வண்டி எடுக்கும்போதே ஸ்டேஷன் மாஸ்டரு சொல்லிச் சிரிச்சாரு. அண்ணன் எனக்கிட்ட ஒரு நாள் சொல்லுவாருன்னாக்கும் வருஷம் தோறும் வந்து உக்காந்தேன்.”

பிறகு குடித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, அப்பா உட்காருகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த ஓணத்திலிருந்து அவர் வரவில்லை.